விடுப்புச் சான்றிதழில் கையெழுத்திடும் முன் ஒரு கேள்வி

முதுகுவலிக்கு விடுப்புச் சான்றிதழ் கேட்டு வருபவரிடம், 'எத்தனை நாள்?' என்பதற்கு முன், 'வேலையில் எதை இப்போதே செய்ய முடியும்?' என்று கேளுங்கள். மறந்துபோகாமலிருக்க அந்தக் கேள்வியைச் சான்றிதழ்ப் படிவத்தின் முதல் வரியாகவே அச்சிட்டு வையுங்கள். சுவரில் ஒட்டினால் நாலு நாளில் கண்ணில் படாமல் போய்விடும்.

பதிலைச் சான்றிதழிலேயே எழுதுங்கள்: '5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்க வேண்டும், முதல் 2 வாரம் அரை நாள் வேலை.' கூடவே மறுபரிசோதனைத் தேதி. வெறும் 'ஓய்வு தேவை' என்றால் எந்த வேலையைக் கொடுப்பதென்று மேலாளருக்குத் தெரியாது. நோயாளிக்கோ அசைந்தாலே ஆபத்து என்ற பயம் கூடும். விடுப்பு நீள நீளத் திரும்புவது கடினம்.

எலும்பு முறிவு, பிறருக்குப் பரவும் தொற்று இருந்தால் இது பொருந்தாது. முதுகுவலியோடு சிறுநீர் அடைத்தாலோ, கால் பலமிழந்தாலோ உடனே அவசர சிகிச்சைக்கு அனுப்புங்கள்.