கர்தியோவஸ்குலேர்: பிரெஞ்சில் ஐந்தே அசை

இதயமும் இரத்தநாளமும் சார்ந்த எதற்கும் அடையாக வரும் cardiovasculaire என்ற இந்தப் பெயரடையை, ஆங்கிலப் பழக்கத்தில் 'கார்-டி-யோ-வாஸ்-கு-லர்' என்று ஆறாக உடைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. பிரெஞ்சில் ஐந்துதான்: கர்-தியோ-வஸ்-கு-லேர். 'தியோ' ஒரே மூச்சில் விழ வேண்டும். நடுவில் இகரம் முழு உயிராக நின்றால் ஓர் அசை கூடிவிடும். தகரம் 'பந்து'வில் ஒலிப்பது போல. நுனிநாக்கு பல்லைத் தொடட்டும், டகரம் வேண்டாம்.

உண்மையான தகராறு 'கு'வில். அது நம் உகரமும் அல்ல, 'கியூ'வும் அல்ல. 'ஈ' என்று இழுத்துக்கொண்டே, நாக்கை அசைக்காமல், உதட்டை மட்டும் 'ஊ'வுக்குக் குவித்தால் அந்த ஒலி வந்துவிடும். உதடு தளர்ந்தால் 'கி' ஆகும். நாக்கு பின்வாங்கினால் பழைய 'கு'. கண்ணாடி முன் செய்வது நல்லது.

ரகரத்துக்கு நுனிநாக்கைக் கீழ்ப்பல்லுக்குப் பின்னால் படுக்கவைத்து, அடித்தொண்டையில் லேசாக உரசவிடுங்கள். எழுத்தில் கடைசியாக நிற்கும் உயிருக்கு ஒலியில்லை (தென் பிரான்சுக்காரர் வாயில் மெல்லக் கேட்கும், அது வட்டார வழக்கு).

எனக்குப் பலன் தந்தது பின்னாலிருந்து கட்டுவது: லேர், குலேர், வஸ்குலேர், தியோவஸ்குலேர், பிறகு முழுச்சொல். அழுத்தம் தானாகக் கடைசி அசையில் போய் நிற்கும். ஆண்பால், பெண்பால் இரண்டுக்கும் இதே வடிவம்.