ஒரே குடும்பம்தான், ஆனால் ஒரே தொட்டி வேண்டாம்

புதினாக் கட்டு வாங்கினால் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டைக் குப்பையில் போடுவதுதான் எங்கள் வீட்டு வழக்கம். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், தடித்த தண்டாகப் பார்த்து ஆறேழு எடுத்துக் காலி ஊறுகாய் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிப் போட்டு வைத்தேன். ஒரு வாரத்துக்குள் கணுவில் வெள்ளை நூல் மாதிரி வேர். மதுரை வெயிலில் எங்கள் மாடித்தோட்டம் அப்படித்தான் ஆரம்பித்தது.

அந்தத் தண்டை விரலிடுக்கில் வைத்து உருட்டிப் பாருங்கள். சரியாக உருளாது, நான்கு பட்டையாக இருக்கும். இலைகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே நிற்கும். அடுத்த ஜோடி அதற்குக் குறுக்கே. துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் இப்படியே. கற்பூரவள்ளியும் இந்தக் குடும்பம்தான். இது தெரிந்த உற்சாகத்தில் நான்கையும் ஒரே நீளத் தொட்டியில் நட்டேன். புதினாவுக்காகத் தினமும் ஊற்றிய தண்ணீரில் கற்பூரவள்ளியின் அடித்தண்டு கறுத்து, கொழகொழவென்று ஆகிச் சாய்ந்தது. மிச்ச இடத்தைப் புதினா இரண்டே மாதத்தில் பிடித்துக்கொண்டது. அது மண்ணுக்குள்ளும் மேலேயும் தண்டை ஓட்டி, போகிற வழியெல்லாம் வேர் விடுகிற செடி. பக்கத்தில் யாரையும் இருக்க விடாது.

அதனால் புதினாவுக்குத் தனி இடம். ஆழம் முக்கால் அடி போதும், அகலம்தான் முக்கியம். நான் வைத்திருப்பது குழந்தையைக் குளிப்பாட்டிய பழைய டப், அடியில் ஏழெட்டு ஓட்டை போட்டது. செம்மண், தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம அளவு, கூடவே ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க் கழிவை இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்த பிறகு கலக்குங்கள், அதில் உப்பு இருக்கும். வேர் ஒரு விரல் நீளம் வந்ததும், இரண்டு கணுவாவது மண்ணுக்குள் போகிற மாதிரி சாய்த்து நடுங்கள். காலை வெயில் நாலு மணி நேரம் பட்டால் போதும். சித்திரைக் கடைசியில், அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன்பே நிழல் பக்கம் நகர்த்திவிடுவேன்.

பறிக்கும்போது இலை இலையாகக் கிள்ளாதீர்கள். மண்ணிலிருந்து இரண்டு மூன்று கணு விட்டு, கணுவுக்குச் சற்று மேலே கத்தரியால் வெட்டுங்கள். இலை ஒட்டியிருக்கும் மூலையில் கடுகளவு மொட்டு தெரியும். வெட்டிய சில நாளில் இரண்டு பக்கமும் கிளை வரும். ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு கைப்பிடி மண்புழு உரம். வருடத்துக்கு ஒரு முறை மொத்தத்தையும் பிடுங்கி, இளந்தண்டாகப் பார்த்து மறுபடி நட்டால்தான் இலை பெரிதாக வருகிறது.

கற்பூரவள்ளிக்கு நேர் எதிர் வைத்தியம். ஒரு சாண் கிளையை ஒடித்து, வெட்டுவாய் உலர ஒரு நாள் போட்டு வைத்து, மணல் கலந்த மண்ணில் குத்துங்கள். மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இதைக் கவனிக்காமல் விடுவதுதான் கவனிப்பு.

திருநீற்றுப்பச்சிலைக்கு நாற்று தேட வேண்டாம். நாட்டு மருந்துக் கடை சப்ஜா விதையே போதும். ஈர மண்மேல் தூவி, மூடியும் மூடாததுமாய் மண்ணைத் தூவுங்கள். தண்ணீர் பட்டதும் விதை வழுவழுவென்று ஊதும், பயப்பட வேண்டாம். இதற்கும் துளசிக்கும் முழு வெயில் வேண்டும். பூக்கதிர் வந்தால் கிள்ளிவிடுங்கள், இல்லாவிட்டால் சத்தெல்லாம் விதைக்குப் போய் இலை சிறுத்துவிடும். எங்கள் அத்தை துளசிக் கதிரைக் கிள்ள விடமாட்டார், பூஜைச் செடியாம். அதனால் அந்தச் செடி மட்டும் எப்போதும் குச்சி குச்சியாக நிற்கிறது.

துளசியில் மாவுப்பூச்சி வரும். கொஞ்சமாக இருந்தால் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துவிட்டுத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். அதிகமானால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு துளி சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு தெளித்துவிட்டு, ஒரு வாரம் அந்த இலையைத் தொடாதீர்கள்.

அன்று அழுகிய கற்பூரவள்ளியின் நுனி மட்டும் பிழைத்தது. உடைந்த மண்சட்டியில் சொருகி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிவிட்டு மறந்தே போனேன். இப்போது மழை வந்தால் பஜ்ஜிக்கு இலை அதிலிருந்துதான்.