பூக்கல் படங்களுக்கு ஒரு விலாசம்

மூன்று வருடத்துக்கு முன் பெங்களூரிலிருந்து ஒரு கட்டட வடிவமைப்பாளர் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பி, “இதே பச்சைதான் வேண்டும், 600 சதுர அடி” என்றார். படம், தரையில் பதிக்கும் ஆத்தங்குடிப் பூக்கல் செய்யும் எங்கள் பட்டறையில் எடுத்ததுதான். யாருக்கோ அனுப்பியது, பல கை மாறி அவரிடம் போயிருக்கிறது. நாங்களும் இப்போதைய பச்சையில் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து, காயவைத்து, லாரி ஏற்றிவிட்டோம். கல் இறங்கிய அன்றே போன் வந்தது. நிறம் வேறு. அந்தப் படம் எடுத்த காலத்தில் நிறத்துக்காக நாங்கள் வாங்கிய ஆக்சைடே வேறு. அது என் மாமனாருக்குத் தெரியும். ஆனால் அவர் படத்தைப் பார்க்கவில்லை, பார்த்த எங்களுக்கு அது எந்த வருடத்துப் படம் என்று தெரியவில்லை. பத்தங்குலக் கல்லில் 600 சதுர அடி என்றால் 864 கல். அத்தனையும் மறுபடி ஊற்றிக் கொடுத்தோம்.

நான் ஆத்தங்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அதற்கு முன் காரைக்குடியில் அழகப்பா பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் படித்தேன். படித்த படிப்பு பட்டறையில் எதற்கு என்று இருந்தவளுக்கு, அந்த 864 கல்தான் வேலை கொடுத்தது. பட்டறையின் படங்களையும் வீடியோக்களையும் நான் எப்படி ஒழுங்கு செய்தேன் என்று இங்கே எழுதுகிறேன். கண்டாங்கிச் சேலை நெசவோ, பனையோலைக் கொட்டான் பின்னலோ, பலகாரக் கடையோ, பழைய வீட்டை விடுதியாக்கி நடத்துகிறவர்களோ, யாருக்கும் இதே வழி பொருந்தும்.

இதற்கென்று இருக்கும் மென்பொருளை டிஜிட்டல் அசெட் மேனேஜ்மென்ட், சுருக்கமாக டேம் என்பார்கள். பெயர் மிரட்டும். விஷயம் நம் ஊருக்குப் பழையதுதான். எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி சாமான் அறையைத் திறந்தால் அண்டா, குண்டான், தூக்கு, தட்டு என்று எல்லாவற்றிலும் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். கல்யாணத்துக்கு இரவல் போன பாத்திரம் நான்கு வீட்டுப் பாத்திரத்தோடு கலந்தாலும் எழுத்தைப் பார்த்துத் திரும்பி வந்துவிடும். போனதும் வந்ததும் ஆச்சியின் நோட்டில் இருக்கும். டேம் செய்வது இந்த இரண்டைத்தான்: படத்தின் மேலேயே விலாசம் வெட்டுவது, யாருக்கு எது போனது என்று நோட்டு வைப்பது.

முதலில் மென்பொருளைத் தேடிப் போகாதீர்கள். படங்களைத் திரட்டுங்கள். என் கணவரின் போன், மாமாவின் போன், ஊற்றுகிற அண்ணன்களின் போன், போட்டோகிராபர் கொடுத்துவிட்டுப் போன பென் டிரைவ்கள், பழைய கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றிலிருந்தும் ஒரே ஹார்ட் டிஸ்க்குக்குக் காப்பி எடுத்தேன். இந்தக் கட்டத்தில் எதையும் அழிக்கக் கூடாது. வாட்ஸ்அப் வழியாக வந்தவற்றை மட்டும் தனியாக வையுங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி முதலான உள்விவரங்களும் போய்விடும். ஏ4 அளவில் ஒரு முழுப் பக்கம் நன்றாக அச்சாக வேண்டுமென்றால் ஏறத்தாழ 2480-க்கு 3508 புள்ளி (பிக்சல்) தேவை. வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த படம் அதற்குப் பெரும்பாலும் எட்டாது. அதே படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். இந்த ஒரு பழக்கத்தை எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

அடுத்ததுதான் உண்மையான வேலை. போல்டர் போட்டுப் பிரிப்பது போதாது. தாமரைக் கல், சிவப்பு, கானாடுகாத்தான் வீட்டு முகப்பு, 2019: இந்தப் படத்தை எந்தப் போல்டரில் வைப்பது? தாமரையிலா, சிவப்பிலா, கானாடுகாத்தானிலா? ஒன்றில் வைத்தால் மற்ற வழியாகத் தேடுகிறவருக்குக் கிடைக்காது. மூன்றிலும் காப்பி வைத்தால் எது அசல் என்று தெரியாது. சீர்காழிக்காரரான எஸ்.ஆர்.ரங்கநாதன் நூலகங்களுக்காக இந்தச் சிக்கலை 1933-லேயே அவிழ்த்துவிட்டார். அவருடைய கோலன் பகுப்பு முறையில் ஒரு புத்தகம் ஒரே பெட்டிக்குள் அடைபடாது. அதைப் பல முகங்களாகப் பார்க்கலாம்: முதன்மைப் பொருள், மூலப்பொருள், செயல், இடம், காலம். வகுப்பில் மனப்பாடம் செய்த இந்த ஐந்தையும் ஒரு நாள் சமையலறையில் உட்கார்ந்து எங்கள் கல்லுக்குப் பொருத்திப் பார்த்தேன். அப்படியே உட்கார்ந்தது.

முதன்மைப் பொருள் என்பது டிசைன். மூலப்பொருள், நிறமும் கலவையும். செயல், படத்தில் என்ன நடக்கிறது என்பது: கண்ணாடி மேல் அச்சு வைத்து நிறம் ஊற்றுவதா, அச்சைத் தூக்குவதா, தண்ணீரில் ஊறுவதா, தரையில் பதிப்பதா. இடம், பட்டறையா, எந்த ஊர், வீட்டின் எந்தப் பகுதி: முகப்பா, வளவா (நடு முற்றப் பகுதி), இரண்டாம் கட்டா. காலம், எடுத்த தேதி. இதோடு நான் ஒன்று சேர்த்துக்கொண்டேன், கல்லின் நிலை. கண்ணாடியிலிருந்து அன்று பிரித்த கல்லும், பல வருடம் துடைத்துத் துடைத்து மெருகேறிய தரையும் படத்தில் வேறு வேறாகத் தெரியும். பழைய தரைப் படத்தைப் பார்த்துப் புதுக் கல் கேட்பவரிடம் இதை முன்பே சொல்லிவிட வேண்டும்.

உங்கள் தொழிலுக்கு ஆறேழு புலம், அதாவது விவரம் நிரப்பும் கட்டம், போதும். இருபது வைத்தால் யாரும் நிரப்ப மாட்டார்கள்.

அப்புறம் சொற்களை முடிவு செய்ய வேண்டும். ஒரே டிசைனுக்கு எங்களிடம் மூன்று பெயர் இருந்தன. ஊற்றுகிறவர்கள் ஒன்று சொல்வார்கள், மாமாவின் பழைய நோட்டில் ஒரு எண் இருக்கும், வாங்குகிறவர்கள் ஆங்கிலத்தில் ஒன்று வைத்திருப்பார்கள். நான் ஊற்றுகிறவர்களின் பெயரையே தலைமைப் பெயராக வைத்தேன், ஏனென்றால் கடைசியில் கல்லைச் செய்யப் போவது அவர்கள். மற்ற இரண்டையும் மாற்றுப் பெயர் என்ற புலத்தில் போட்டேன், எதைத் தேடினாலும் படம் வரும். ஊர்ப் பெயரும் இப்படித்தான். ஆங்கிலத்தில் காரைக்குடிக்கு ஒரு கே போடுகிறவர்களும் உண்டு, இரண்டு கே போடுகிறவர்களும் உண்டு. ஆளாளுக்குத் தட்டச்சு செய்தால் ஒரே ஊர் நான்கு ஊராகிவிடும். அதனால் டிசைன், நிறம், ஊர், நிலை எல்லாம் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுப்பதாகவே இருக்கட்டும். கையால் எழுத ஒரே ஒரு குறிப்புப் புலம் போதும்.

இந்தப் பட்டியலை நான் தனியாக எழுதவில்லை. மூன்று சாயங்காலம் டீ நேரத்தில் மாமாவும் மூன்று அண்ணன்களும் நானும் லேப்டாப்பைச் சுற்றி உட்கார்ந்தோம். நான் படத்தைக் காட்டுவேன், அவர்கள் பெயரும் கலவையும் சொல்வார்கள். இரண்டு அச்சுகள் எந்த வருடம் செய்தவை என்பதில் பெரிய வாக்குவாதமே நடந்தது. அந்தப் பேச்சையெல்லாம் குறிப்புப் புலத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் தலையில் இருப்பது வேறு எங்கேயும் இல்லை. அதனால் இந்த உட்காரலைத் தள்ளிப் போடாதீர்கள்.

இப்போது மென்பொருள். ஒருவர் மட்டும் ஒரே கம்ப்யூட்டரில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் டிஜிகாம் போதும். இலவசம். டேக்குகளை, அதாவது படத்துக்குப் போடும் குறிச்சொற்களை, கிளை கிளையாக வைக்கலாம். நிறுவியதும் செட்டிங்ஸில் மெட்டாடேட்டா பகுதிக்குப் போய், விவரங்கள் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்படுகின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் எழுதியதெல்லாம் அந்த மென்பொருளின் தரவுத்தளத்திலேயே நின்றுவிடும், படம் வெறுங்கையோடு வெளியே போகும். ஐபிடிசி என்ற பொதுத் தரத்தில் தலைப்பு, விளக்கம், கீவேர்டு, எடுத்தவர், உரிமைக் குறிப்பு என்று புலங்கள் இருக்கின்றன. அவற்றில் எழுதினால் நாளைக்கு மென்பொருளை மாற்றினாலும் விலாசம் படத்தோடு வரும். பாத்திரத்தில் வெட்டுவதற்கும் காகிதம் ஒட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

பல பேர் பல இடத்திலிருந்து பார்க்க வேண்டுமென்றால் சர்வரில் ஓடும் டேம் வேண்டும். நான் ரிசோர்ஸ்ஸ்பேஸ் வைத்திருக்கிறேன். ஆக்ஸ்ஃபாம் தொண்டு நிறுவனத்தின் தேவைக்காக முதலில் உருவான திறமூல மென்பொருள் அது. மென்பொருளுக்குக் காசு இல்லை, சர்வர் வாடகை மட்டும் உண்டு. நிறுவுவதற்கு பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் தெரிந்த ஒருவர் வேண்டும். எனக்கு என் தம்பி செய்து கொடுத்தான். பைண்டர், கேன்ட்டோ மாதிரிக் கட்டணச் சேவைகள் பெரிய நிறுவனங்களுக்கானவை, எங்கள் அளவுக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு. கூகுள் டிரைவ் பகிர்வதற்கு நல்லதுதான். ஆனால் நிறமும் நிலையும் சொல்லி வடிகட்டித் தேடுவதற்கு அதை நம்பி உட்கார முடியாது. படத்தைப் பார்த்துத் தானாக டேக் போடும் வசதியையும் சோதித்தேன். எங்கள் பூக்கல்லைப் பாதி நேரம் கம்பளம் என்றது. அதை நிறுத்திவிட்டேன்.

ஏற்றும்போது ஒவ்வொன்றாக ஏற்றாதீர்கள். ஒரே நாளில் ஒரே டிசைனை எடுத்த நாற்பது படத்தை ஒன்றாகத் தேர்ந்தெடுத்து, பொதுவான புலங்களை ஒரே தடவையில் நிரப்பலாம். கோப்புப் பெயருக்கு ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 20240318 போலத் தொடங்கி வரிசை எண் போடுங்கள். பெயரிலேயே எல்லா விவரத்தையும் திணிக்க வேண்டாம், அதற்குத்தான் புலங்கள். பழைய குவியல் முழுவதையும் முடித்துவிட்டுத்தான் பயன்படுத்துவேன் என்றும் காத்திருக்காதீர்கள். நான் இன்று விற்கும் டிசைன்களை முதலில் ஏற்றினேன். பழையது வாரத்துக்கு நூறு நூறாக இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.

உரிமையைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி, காசு கொடுத்து ஒருவரைப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், சொன்னவரே முதல் உரிமையாளர். ஆனால் போட்டோகிராபரின் பில்லிலோ ஒப்பந்தத்திலோ வேறு மாதிரி எழுதியிருக்கலாம். அதனால் அந்தக் காகிதத்தையும் ஸ்கேன் செய்து படத்தோடு இணைத்துவிடுங்கள். வாடிக்கையாளர் தன் வீட்டில் எடுத்து அன்பாக அனுப்பிய படம் அவருடையது. விளம்பரத்தில் போடுவதற்கு முன் கேட்க வேண்டும்.

அதைவிட நுணுக்கமானது நம் ஊர் வீடுகள். ஒரு வளவு வீட்டுக்கு எத்தனை பங்காளிகள், எத்தனை புள்ளி (தனிக் குடும்பக் கணக்கு) என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சாவி வைத்திருக்கும் ஒருவர் தலையாட்டினார் என்று படத்தை எங்கள் விளம்பர அட்டையில் போட்டோம். மலேசியாவிலிருந்து இன்னொரு பங்காளி வருத்தப்பட்டுப் பேசினார். அவர் வருத்தம் நியாயம், சாமி அறைக் கதவு அந்தப் படத்தில் தெரிந்தது. அன்றிலிருந்து அனுமதி என்று ஒரு புலம் வைத்திருக்கிறேன்: யார் சொன்னார்கள், எதற்குச் சொன்னார்கள், எதுவரை. அது காலியாக இருந்தால் படம் பட்டறைக்குள் மட்டும்தான். ரிசோர்ஸ்ஸ்பேஸில் ஒவ்வொரு படத்துக்கும் திறந்தது, கட்டுப்படுத்தியது, ரகசியம் என்று நிலை வைக்கலாம். கட்டுப்படுத்தியதென்றால் சின்னப் படம் கண்ணுக்குத் தெரியும், பெரியது வேண்டுமென்றால் நம்மிடம் கேட்டு வாங்க வேண்டும்.

பகிர்வது இப்போது சுலபம். வாடிக்கையாளர் கேட்கும் படங்களை ஒரு தொகுப்பில் சேர்த்து லிங்க் அனுப்புகிறேன். லிங்க்குக்குக் காலக்கெடு வைக்கலாம், பாஸ்வேர்டும் வைக்கலாம். நான் முப்பது நாள் வைக்கிறேன். அந்த நிறம் மாறிவிட்டால் பழைய லிங்க் எங்கேயும் உயிரோடு சுற்றாது. நிறுத்திய நிறங்களின் படங்களை அழிக்கவில்லை. ஆவணப் பகுதிக்கு மாற்றிவிட்டேன், சாதாரணத் தேடலில் வராது. ஒரு பழைய வீட்டுக்காரர் உடைந்த நான்கு கல்லுக்கு ஈடு கேட்டு வரும்போது அந்தப் படமும் கலவைக் குறிப்பும்தான் கை கொடுக்கும்.

நிறம் சரியாகத் தெரிய ஒரு சின்ன யோசனை: கல்லைப் படம் எடுக்கும்போது ஒரு ஓரத்தில் வெள்ளைத் தாளும் ஒரு அடிக்கோலும் வையுங்கள். வெயில் நேராகப் படாத ஒரே இடத்தில், காலையில் ஒரே நேரத்தில் எடுங்கள். தாள் மஞ்சளாகத் தெரிந்தால் கல்லின் நிறமும் பொய் சொல்கிறது என்று அர்த்தம்.

பேக்கப்புக்கு எல்லோரும் சொல்லும் 3-2-1 கணக்கே போதும்: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், அதில் ஒன்று வேறு இடத்தில். எங்கள் வெளிப் பிரதி காரைக்குடியில் என் அம்மா வீட்டு அலமாரியில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை போகும்போது மாற்றுகிறேன். படங்களோடு டேமின் தரவுத்தளத்தையும் காப்பி எடுக்க மறக்காதீர்கள்.

ஊற்றுகிற அண்ணன்களுக்கும் தனி லாகின் கொடுத்திருக்கிறேன். அவர்கள் போனிலிருந்து ஏற்றும் படம் முதலில் பார்வைக்குக் காத்திருக்கும் வரிசையில் நிற்கும். சனிக்கிழமை கூலி கொடுத்து முடித்ததும் அரை மணி நேரம் உட்கார்ந்து, டிசைனையும் கலவையையும் அவர்களிடமே கேட்டு நிரப்பி, உள்ளே அனுப்புகிறேன். போன வாரம் பன்னிரண்டு படம் வந்திருந்தது. அதில் ஒன்று, அந்தப் பழைய பச்சைக்குப் பக்கத்தில் வரும் ஒரு புதுக் கலவையின் முதல் கல். கலவைப் புலத்தை மாமாவே தட்டச்சு செய்தார்.