மெயிலில் டேபிள் அனுப்பும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை பார்க்கிற யாருக்கும் இது புதிதில்லை. பையர் கொடுத்த கலர், சைஸ் பிரேக்கப்பை, அதாவது எந்தக் கலரில் எந்த சைஸ் எத்தனை பீஸ் என்ற கணக்கை, மெயிலில் போட்டு கட்டிங்குக்கும் வெளியே கூலிக்கு வேலை செய்து கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும் அனுப்புகிறோம், நம் கம்ப்யூட்டரில் வரிசை பிசகாமல் இருக்கிறது, போய்ச் சேர்ந்த இடத்தில் எண்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கின்றன. ஆர்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மெர்ச்சண்டைசிங்கில் நான் சேர்ந்த புதிதில் ஒரு ஆர்டருக்கு ஸ்பேஸ் தட்டித் தட்டியே பிரேக்கப் போட்டு அனுப்பினேன். நேவி கலரில் எம் சைஸே கிடையாது, அதனால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருந்தேன். கட்டிங் மாஸ்டர் போனில் திறந்தபோது இடைவெளி சுருங்கி, எல் சைஸுக்கான 240 எம்முக்குக் கீழே போய் நின்றுவிட்டது. "ஏனுங்க, நேவில எம் 240 தானுங்களே?" என்று அவர் கேட்ட நேரத்தில் துணியை லே போட்டு (அடுக்கடுக்காக விரித்து) வெட்டியாகிவிட்டது.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: ஸ்பேஸையும் டேபையும் வைத்துக் கட்டம் கட்டாதீர்கள். பழைய டைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், மெயிலில் வரும் எழுத்துருக்கள் பெரும்பாலும் அப்படி இல்லை. தமிழில் கேட்கவே வேண்டாம், 'ர' எடுக்கிற இடம் எவ்வளவு, 'ணை' எடுக்கிற இடம் எவ்வளவு! கூரியர் நியூ மாதிரி சம அகல எழுத்துரு போட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். இங்கிலீஷுக்கு ஓரளவு சரி, ஆனால் அதில் தமிழ் எழுத்தே கிடையாது, கம்ப்யூட்டர் வேறொரு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போடும், அத்தோடு வரிசை போச்சு.

எக்செல்லிலோ கூகுள் ஷீட்டிலோ போட்டு, காப்பி எடுத்து மெயிலில் ஒட்டுங்கள். அப்போதுதான் அது நிஜமான டேபிளாகப் போகும். ஒட்டும்போது கண்ட்ரோல் ஷிப்ட் வி அழுத்தினால் கட்டமெல்லாம் போய் வெறும் எழுத்துதான் வரும், கண்ட்ரோல் வி மட்டும் போதும். ஜிமெயிலில் வெறும் எழுத்தை மட்டும் அனுப்பும் பிளெய்ன் டெக்ஸ்ட் மோடு என்று ஒன்று உண்டு, என்றைக்கோ ஒருமுறை அதை டிக் செய்து மறந்திருந்தால் என்ன செய்தாலும் டேபிள் நிற்காது. அதை எடுத்துவிட்டு மறுபடி ஒட்டுங்கள்.

அப்புறம் காலிக் கட்டம். இதைத்தான் எல்லாரும் லேசாக விட்டுவிடுகிறார்கள். எதிர்ப்பக்கம் ஒருவர் பிளெய்ன் டெக்ஸ்டில் பதில் போட்டாலே டேபிள் கலைந்து எண்கள் வரிசையாகக் கொட்டும், காலிக் கட்டம் இருந்த இடமே தெரியாது. பீஸ் இல்லாத சைஸுக்கு 0 என்று போடுங்கள். கடைசியில் ஒரு டோட்டல் பத்தி (மேலிருந்து கீழே போகும் காலம்), கீழே ஒரு டோட்டல் வரிசை கட்டாயம் வையுங்கள், இடம் மாறினாலும் கூட்டிப் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார். எனக்கு அன்றைக்கு அந்த ஒரு வரிசை இருந்திருந்தால் தப்பித்திருப்பேன்.

அகலத்தைக் குறையுங்கள். ஸ்டைல் நம்பர், ஜிஎஸ்எம் (துணியின் எடை அளவு), டெலிவரி தேதி எல்லாம் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றேதான் என்றால் அதற்கு எதற்குத் தனிப் பத்தி? டேபிளுக்கு மேலே ஒரே வரியில் எழுதினால் போச்சு. டேபிளில் கலர், சைஸ், டோட்டல் மட்டும் இருந்தால் போனிலும் படிக்கலாம். தேதியை 03/04 என்று போடாதீர்கள், அமெரிக்க பையர் மார்ச் 4 என்று படிப்பார். மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

மாறிய எண்ணைச் சிவப்பாக்கிவிட்டு விடுவதும் தவறுதான். டார்க் மோடில் நிறம் மாறலாம், கட்டிங் டேபிள் பக்கம் ஒட்டுகிற பிரிண்ட் அவுட்டோ கறுப்பு வெள்ளை. "மாற்றம்: முன்பு 180" என்று பக்கத்திலேயே எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஒட்டுவதும் எனக்குச் சம்மதமில்லை. படம் திறக்காத மெயில்கள் உண்டு, திறந்தாலும் எண்ணைச் சாதாரண எழுத்து மாதிரி காப்பி எடுக்க முடியாது, பெரும்பாலும் யாராவது திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும், தவறு அங்கேதான் நுழையும்.

ஈரோட்டில் விரலி, கிழங்கு என்று மஞ்சள் ரேட்டைத் தினமும் பல பேருக்கு எச்டிஎம்எல்லில் (வெப்பக்கம் எழுதுகிற மொழி) அனுப்புகிறவர்களுக்குத் தனியாகச் சில விஷயங்கள். விண்டோஸில் ஓடும் பழைய அவுட்லுக், 2007 பதிப்பிலிருந்து மெயிலைக் காட்ட வேர்டைத்தான் பயன்படுத்துகிறது, பிரவுசரில் அழகாக வரும் பல சங்கதிகள் அதில் எடுபடாது. நிறம், எழுத்தளவு போன்ற ஸ்டைலை ஒவ்வொரு கட்டத்துக்குள்ளேயே எழுதுங்கள், அகலம் 600 பிக்சலுக்குள் இருக்கட்டும். மெயில் சுமார் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை மறைத்துவிடும், எக்செல்லிலிருந்து ஒட்டும்போது கூடவே வருகிற தேவையில்லாத எச்டிஎம்எல் கோடிங்கெல்லாம் சேர்ந்து அந்த அளவைச் சீக்கிரம் எட்டவைக்கும்.

புது பார்ட்டிக்கு முதல் மெயில் போகும் முன் உங்களுக்கே ஒன்று அனுப்பி போனில் திறந்து பாருங்கள், அப்புறம் அதற்கு ஒரு பதில் போட்டு, கீழே வரும் பழைய மெயிலில் கட்டம் அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள். நான் அதோடு கட்டிங்குக்கு ஒரு போனும் போட்டு, கலர் வாரியாக டோட்டலை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன்.