அந்தக் கட்டடம் முன்பு என்ன வேலை பார்த்தது? வித்தியாசமான தங்குமிடம் தேடுவோருக்கு

வித்தியாசமான இடத்தில் தங்க வேண்டும் என்று தேடினால் முதலில் வந்து குவிபவை படங்கள். முற்றம், தேக்குத் தூண், படகு, மர வீடு, மேகத்துக்கு நடுவே ஒரு பால்கனி. எல்லாம் நல்ல வெயிலில் எடுத்தவை. நீங்கள் தங்கப்போவதோ ராத்திரியில். படுக்கை, கழிவறை, வெந்நீர், சத்தம், காற்று ஆகிய ஐந்தும் எந்தப் படத்திலும் பிடிபடாது.

இவற்றை முன்கூட்டியே கணிக்க ஒரு வழி உண்டு. விடுதி ஆவதற்கு முன் அந்தக் கட்டடம் என்ன வேலை பார்த்தது என்று விசாரியுங்கள். நெல் ஏற்றிய படகாக, சீர் சாமான் அடுக்கிய அறையாக, தேயிலை வாட்டிய மாடியாக, வன அதிகாரி வந்து போன பங்களாவாக அது இருந்திருக்கும். அந்தப் பழைய வேலைக்குத் தோதாகத்தான் ஜன்னலும் கதவும் வைத்திருப்பார்கள். இன்றைக்கு அங்கே தங்குபவர் படும் சிரமங்களில் முக்கால்வாசி அதிலிருந்து வருபவை. அந்த இடத்தின் அழகும் அதிலிருந்து வருவதுதான். போன வருடம் கான்கிரீட்டில் கட்டி, மேலே ஓலை வேய்ந்து, 'ஹெரிடேஜ்' என்று பலகை மாட்டிய இடங்கள் இந்தக் கேள்வியிலேயே கழிந்துவிடும்.

செட்டிநாட்டு வீடு

கானாடுகாத்தான், கடியாபட்டி, கோத்தமங்கலம், காரைக்குடி ஆகிய ஊர்களில் நகரத்தார் வீடுகள் பல விடுதியாகிவிட்டன. பர்மாவிலும் மலாயாவிலும் லேவாதேவி செய்து சேர்த்த பணத்தில், பர்மாத் தேக்கு கொண்டுவந்து கட்டியவை இவை. முகப்பில் தொடங்கி வளவு (முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), இரண்டாம் கட்டு, அடுப்படி என்று நீண்டு, ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக முடியும்.

வளவைச் சுற்றியுள்ள அறைகளை நாம் 'பெட்ரூம்' என்று நினைத்துக்கொள்கிறோம். கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்த அறைகள் அவை. சீர் சாமான், பாத்திரம், நகை எல்லாம் உள்ளே பூட்டியிருக்கும். வீட்டு ஆட்கள் காற்றோட்டமாக, அறைக்கு வெளியே பத்தியிலும் பட்டாலையிலும் படுப்பார்கள். அதனால் அறை சிறியது, கதவு கனமானது, ஜன்னல் இருந்தாலும் சின்னது. உள்ளேயே குளியலறை என்பது அந்த வீட்டின் கணக்கிலேயே இல்லை, பின்னாளில் சேர்த்தது. பழைய தரையை உடைக்காமல் குழாய் பதிக்கப் பல இடங்களில் குளியலறைத் தரையை உயர்த்தியிருப்பார்கள். அரைத்தூக்கத்தில் எழுந்து போகிறவர் இடறுவது அந்தப் படியில்தான்.

முன்பதிவு செய்யும் முன் போன் போட்டு இப்படிக் கேட்கலாம்: "அண்ணே, நீங்க குடுக்கப்போற ரூமுக்கு ஜன்னல் தெருப் பக்கமா, வளவுப் பக்கமா? கீழயா, மாடியா?" வளவுப் பக்கம் என்றால் அறை குளுமையாக இருக்கும், ஆனால் முற்றத்தில் பேசுவது எல்லாம் காதுக்கு வரும். விடியற்காலை அடுப்படியில் பாத்திரம் கழுவும் சத்தமே அலாரம். முகப்பு மாடி அறைகளில் வெளிச்சமும் காற்றும் அதிகம், படிக்கட்டுதான் செங்குத்து. வயதானவர்கள் உடன் வந்தால் கீழே, இளசுகள் என்றால் மாடி.

அடுத்த கேள்வி, அந்தத் தேதியில் வீட்டில் விசேஷம் உண்டா என்பது. இந்த வீடுகளில் பலவற்றுக்குப் பங்காளிகள் நிறைய. அறுபதாம் கல்யாணச் சாந்தி, படையல் என்று வந்தால் வீடு அவர்களுக்கு. சினிமா ஷூட்டிங்குக்கு விடும் வீடும் உண்டு. அந்த நாளில் மாட்டினால் முற்றம் முழுக்க கேபிள்தான். கார்த்திகை தீபத்திலிருந்து 21ஆம் நாள் வரும் பிள்ளையார் நோன்பை ஒட்டி வெளியூரிலிருக்கும் குடும்பங்கள் ஊருக்கு வருவதுண்டு. ஊர் களையாக இருக்கும், அறைதான் கிடைக்காது.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் ஒரு எச்சரிக்கை. கண்ணாடிப் பலகையின் மேல் இரும்புச் சட்டம் வைத்து, வண்ண சிமென்ட் குழம்பை அச்சுக்குள் ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் கொட்டி அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துச் செய்வது இது. சூளைச் சூடே கிடையாது. கண்ணாடியைத் தொட்டிருந்த பக்கம் அதே வழவழப்போடு வரும். கால் பட்டுப் பட்டு இன்னும் மெருகேறும். ஈரம் பட்டால் வழுக்கிவிடும். மழை நேரத்தில் முற்றத்து ஓரத்தில் குழந்தைகளை ஓடவிடாதீர்கள்.

சாப்பாட்டை முந்தின நாளே சொல்லிவிடுங்கள். சின்ன வீடுகளில் ஆள் கணக்குப் பார்த்துத்தான் உலை வைப்பார்கள். வாடகையில் சாப்பாடு சேர்த்தியா, தனியா என்பதையும் அப்போதே தீர்த்துக்கொள்வது நல்லது. பில்லில் வரும் சண்டைகளில் பாதி இதனால்தான். ஐப்பசிக்குப் பிறகு மாசி வரை போகலாம். சித்திரை, வைகாசியில் போனால் பகல் முழுக்க ஏசி அறைக்குள் அடைந்து கிடப்பீர்கள். அதற்குச் செட்டிநாடு வரை போக வேண்டியதில்லை.

தேயிலைத் தொழிற்சாலை, தொரை பங்களா

செட்டிநாட்டு வீட்டுக்கு நேர் எதிரான கட்டடம் ஒன்று இலங்கையில் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளையில் இருக்கிறது. ஹெதர்செட் தோட்டத்தின் பழைய தேயிலைத் தொழிற்சாலை 1996இல் ஓட்டலானது. பச்சை இலையைக் காற்றில் வாட்டுவதற்கென்றே கட்டிய மாடிகள்தான் இப்போது அறைகள். இலை வாடக் காற்று வேண்டும் என்பதால் கட்டடம் முழுக்க வரிசையாக ஜன்னல். வெளிச்சத்துக்குக் குறைவில்லை, குளிருக்கும் குறைவில்லை. இம்மாதிரி இடங்களில் கேட்க வேண்டியது ஹீட்டர் உண்டா, போர்வை எத்தனை தருவார்கள் என்பதை.

வால்பாறையில் தொரைமார் இருந்த எஸ்டேட் பங்களாக்களிலும் தங்கலாம். ஆழியாரிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு, வெளிச்சத்திலேயே ஏறிவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது, துவைத்த துணி காயாது, அட்டை ஏறும். அதற்குத் துணியாலான அட்டைக் காலுறையும் உப்புப் பொட்டலமும் போதும். அங்கே சில இடங்களில் யானை அக்கம்பக்கத்தில் இருப்பதைச் சொல்லும் சிவப்பு விளக்குக் கம்பங்கள் உண்டு. விளக்கு எரிந்தால் பங்களாவை விட்டு இறங்கக் கூடாது, போட்டோ எடுக்கவும்கூட.

ஊட்டி, கொடைக்கானல் பக்கம் என்றால் இ-பாஸ் இல்லாமல் வண்டி ஏறாது. 2024 மே 7 முதல் நடைமுறையில் இருக்கும் இந்த ஏற்பாட்டில் மாற்றம் ஏதும் வந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். அறைக்குப் பணம் கட்டிய ரசீது இ-பாஸ் ஆகாது.

ஆலப்புழைக் கெட்டுவள்ளம்

ஆஞ்சிலிப் பலகைகளை ஆணி இல்லாமல் கயிற்றால் கட்டி, முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசி, குட்டநாட்டு நெல்லை ஏற்றிப்போன வள்ளம்தான் இன்றைய படகு வீடு. சரக்குப் படகு என்பதால் நீளம் அதிகம், அகலம் குறைவு. அறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்; சமையலறை கடைசியில், எஞ்சினும் ஜெனரேட்டரும் பெரும்பாலும் அந்தப் பக்கமே. ஆகவே முன்பக்க அறையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு அறைப் படகை இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்தால், பின்னறைக்கும் முன்னறைக்கும் ஒரே வாடகை சொல்வார்கள். அங்கே பேரம் பேசலாம்.

ஏமாற்றம் அதிகம் வருவது நேரக் கணக்கில். மதியம் 12 மணிவாக்கில் ஏற்றி மறுநாள் காலை 9 மணிக்கு இறக்குவார்கள். இருபத்தொரு மணி நேரம் என்றாலும் படகு ஓடுவது ஐந்தாறு மணி நேரம்தான். சாயங்காலம் ஐந்தரை, ஆறுக்கு மீனவர்கள் வலை விரிப்பதால் படகைக் கரையோரம் கட்டிவிடுவார்கள். ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும் என்று நினைத்து வருபவர்கள் முகம் சுளிப்பது இங்கேதான். ஏசியும் சாதாரணப் படகுகளில் இரவு 9 முதல் காலை 6 வரை மட்டும். பகலிலும் ஏசி வேண்டும் என்றால் 'பிரீமியம்' என்பார்கள், விலையும் ஏறும். இவை எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள்.

முடிந்தால் முழுப்பணமும் முன்பே கட்டாமல், காலையில் படகுத்துறைக்குப் போய்ப் படகைப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். பார்க்க வேண்டியவை: படகின் மேல் எழுதியிருக்கும் 'கேஐவி' பதிவு எண், ஆளுக்கு ஒரு உயிர்காப்பு உடை (குழந்தை அளவு தனியாக), தீயணைப்பு உருளை, கழிவறையில் தண்ணீர் வரத்து, ஜன்னலில் கொசுவலை. மெத்தையில் கை வைத்துப் பாருங்கள். ஈரப்பதம் உடனே தெரியும்.

வழித்தடத்தையும் கேளுங்கள். பெரிய படகு வேம்பநாட்டுக் காயலில்தான் சுற்றும், குறுகலான தோடுகளுக்குள் (வாய்க்கால்களுக்குள்) நுழையாது. துணி துவைக்கும் படித்துறையும் வாத்து மேய்க்கும் ஆளும் தோட்டுக்குள்தான் இருக்கிறார்கள். அவற்றைப் பார்க்கத் தனியாக ஒரு சின்ன வள்ளத்தை இரண்டு மணி நேரத்துக்குப் பேசிக்கொள்ளலாம். நடுவே மீன் கடையில் படகை நிறுத்தினால், கரிமீனோ இறாலோ தராசில் ஏறும் முன் கிலோ விலையைக் கேட்டுவிடுங்கள்.

உப்புநீர் ஏறாமல் தடுக்கத் தண்ணீர்முக்கம் தடுப்பணையை ஆண்டுதோறும் டிசம்பர் வாக்கில் அடைத்து, கோடையில் திறப்பார்கள். அடைத்திருக்கும் மாதங்களில் ஓட்டம் நின்று, தண்ணீர் தேங்கி, ஆகாயத்தாமரை மண்டும். அடைப்பதற்கு முன், மழை ஓய்ந்த அக்டோபர் கடைசியும் நவம்பரும்தான் நமக்குப் பிடித்த காலம். ஆகஸ்டில் நேரு டிராபி படகுப் போட்டி வாரத்தில் விலை எக்கச்சக்கம். போட்டியைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் வேறு கதை.

காட்டுக்குள் ஓர் இரவு

ஆனைமலைக் காட்டில், மேலிருந்து மரத்தடிகளைச் சரியவிட்ட இடத்துக்கு டாப்ஸ்லிப் என்று பெயர். அங்குள்ள ஓய்வு இல்லங்களை வனத்துறை நடத்துகிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தங்கக் கட்டிய வழக்கத்தின் மிச்சம்தான் இம்மாதிரி இல்லங்கள். இன்றைக்கும் அதிகாரிகள் வந்தால் உங்கள் பதிவு தள்ளிப்போகலாம். மாற்று இடம் ஒன்றைப் பொள்ளாச்சியில் பார்த்து வையுங்கள். கோடையில் காட்டுத்தீ அச்சம் வந்தால் மூடிவிடுவதும் உண்டு.

ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, ரசீதை அச்செடுத்து, எல்லாருடைய அசல் அடையாள அட்டையோடு, இருட்டும் முன் சேத்துமடைச் சோதனைச் சாவடியைத் தாண்டிவிட வேண்டும். உள்ளே சமைக்க ஆள் உண்டா, மளிகை நாம் வாங்கிப் போக வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். டார்ச், கொசுவர்த்தி, சில்லறையாகப் பணம் இருக்கட்டும். போன் சிக்னலை நம்பி ஜிபே மட்டும் வைத்துப் போனால் டீக்கும் வழியில்லை. மது, பிளாஸ்டிக் பாட்டில், ஸ்பீக்கர் மூன்றையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

அதே சாலையில் மேலே போனால் பரம்பிக்குளம். இடம் கேரளாவின் பாலக்காடு மாவட்டம், சாலை மட்டும் தமிழ்நாட்டு வழி. ஆகவே இரண்டு சாவடி, இரண்டு கட்டணம். தூணக்கடவு மர வீடு கேரள வனத்துறையுடையது, பதிவும் அவர்களிடமே.

தனியார் 'காட்டு ரிசார்ட்' என்றால் உரிமத்தைப் பாருங்கள். நீலகிரியின் சீகூர் யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகளுக்கு எதிரான அரசாணை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் தீர்ப்பளித்தது. மசினகுடிப் பக்கம் புதிதாக முளைக்கும் விளம்பரத்தைப் பார்த்ததும் முன்பணம் அனுப்பாதீர்கள். டென்ட் தங்கலில் இன்னும் கவனம் தேவை. 2021 ஜனவரியில் வயநாட்டின் மேப்பாடி அருகே டென்ட்டில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். அந்த இடத்துக்கு முறையான உரிமம் இல்லை என்று பின்பு தெரியவந்தது. உரிம எண், சுற்றி அகழியோ மின்வேலியோ, இரவுக் காவல், கழிவறை எத்தனை அடி தூரம் என்ற நான்குக்கும் தெளிவான பதில் வராவிட்டால் வேண்டாம்.

மர வீட்டுக்கும் கழிவறைக் கேள்வி உண்டு: மேலேயா, கீழேயா? பாதி மர வீடுகள் மரத்துக்குப் பக்கத்தில் இரும்புக் கால் நட்டவை. கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை, காற்றில் ஆடாது.

பணம் கட்டும் முன்

ஐந்து நட்சத்திர விமர்சனங்களையும் ஒற்றை நட்சத்திர விமர்சனங்களையும் தாண்டி, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்களைப் படியுங்கள். பிடித்தும் இருக்கும், குறையும் சொல்வார்கள். நீங்கள் போகும் அதே மாதத்தில் எழுதியதாகப் பாருங்கள்; 'வெந்நீர்', 'கரண்ட்', 'கொசு', 'சத்தம்' என்று தேடுங்கள். விடுதிக்காரர் போட்ட முப்பது படத்தில் குளியலறை ஒன்றுகூட இல்லை என்றால் காரணம் இருக்கும், வாட்ஸ்அப்பில் கேளுங்கள். வரைபடத்தின் செயற்கைக்கோள் காட்சியில் கடைசி மூன்று கிலோமீட்டரைப் பெரிதாக்கிப் பாருங்கள். மண் ரோடா, கார் போகுமா, பக்கத்தில் கல் குவாரியோ கல்யாண மண்டபமோ இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

ஒரே இடத்தில் எத்தனை ராத்திரி? வள்ளத்தில் ஒன்று போதும், இரண்டாம் நாள் அதே காயல்தான். செட்டிநாட்டு வீட்டில் இரண்டு. காட்டில் இரண்டு கிடைத்தால் விடாதீர்கள், முதல் நாள் காட்டுச் சத்தத்துக்குக் காது பழகவே போய்விடும். நீண்ட பயணத்தின் கடைசி இரவுக்கு மட்டும் சாதாரண ஓட்டல் போடுங்கள். ஈரத் துணி காய, போன் சார்ஜ் ஏற, நல்ல வெந்நீரில் குளிக்க.

கையில் பணம் குறைவு, ஆனாலும் புதுசாக ஏதாவது வேண்டும் என்றால் ரயில் நிலைய ஓய்வறையைப் பாருங்கள். உறுதியான அல்லது ஆர்ஏசி டிக்கெட்டின் பிஎன்ஆர் எண் இருந்தால் ஐஆர்சிடிசி தளத்தில் ஏறும் ஊரிலோ இறங்கும் ஊரிலோ பதியலாம், அதிகபட்சம் 48 மணி நேரம். கட்டியது ரயில் பிடிப்பவர்களுக்காக என்பதால் அறிவிப்புச் சத்தம் விடியவிடியக் கேட்கும். காதுக்குப் பஞ்சு எடுத்துக்கொள்ளுங்கள்.