சந்தையில் காலைச் சாப்பாடு: நாம் விடுகிற பிழைகள்

மட்டக்களப்பில் சந்தைக்குப் போகிற பலர் மரக்கறி, மீன் எல்லாம் வாங்கி முடித்து, பை கனத்த பிறகுதான் சாப்பாட்டுப் பக்கம் திரும்புகிறார்கள். முதல் பிழை இதுதான். கத்தரிக்காய் எட்டரைக்கும் அதே கத்தரிக்காய்தான். குழலிலிருந்து இப்போதுதான் தள்ளிய பிட்டு அந்த நேரம்வரை காத்திருக்காது. ஆகவே முதலில் சாப்பிடுங்கள், பிறகு வாங்குங்கள்.

பிட்டில் அவசரம் கூடவே கூடாது. பெட்டியில் குவித்து வைத்திருப்பதைக் காட்டி "இதைத் தாங்க" என்று கேட்டால் தருவார்கள்தான். ஆனால் அரிசி மா ஆற ஆற இறுகும். இறுகிய பிட்டை இளக்கச் சொதியை அள்ளி ஊற்றுவோம், கடைசியில் அது களியாகிவிடும். "கொஞ்சம் பொறு மனே, அடுத்த குழல் இறங்கட்டும்" என்று அடுப்படியில் நிற்கிற அம்மா சொன்னால், நின்றுவிடுங்கள். ஆவி பறக்க இலையில் விழுகிற சிவப்பரிசிப் பிட்டில் மாவும் தேங்காய்ப்பூவும் அடுக்கடுக்காய்த் தெரியும். இங்கே தமிழரும் முஸ்லிம்களும் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் வாழ்வதைப் "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்று சொல்வது இந்த அடுக்கைப் பார்த்துத்தான். இரண்டையும் சேர்த்து உதிர்த்து, சம்பலோடு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, பிறகு சொதியைக் கரையோரமாக விடுங்கள்.

சுடச்சுட இருக்கிற சொதியைப் பொலித்தீன் பையில் கட்டிக்கொண்டு போகும் பழக்கம் இன்னும் போகவில்லை. சாப்பாடு சுற்றுகிற பொலித்தீன் லஞ்ச் ஷீட்டை 2017 இலேயே நாட்டில் தடை செய்தார்கள். வீட்டில் கிடக்கும் மூடியுள்ள ஒரு பாத்திரத்தைக் கையோடு கொண்டு போக என்ன கஷ்டம்?

இலைக்கஞ்சி ஆறிவிட்டதென்று "இன்னொருக்கா சூடாக்கித் தாங்க" என்று கேட்காதீர்கள். வல்லாரை, முசுட்டைச் சாற்றைக் கடைசியில் விட்டு இறக்குவதே அந்தப் பச்சை நிறத்துக்காகவும் மணத்துக்காகவும்தான். மறுபடி கொதித்தால் நிறம் மங்கிப் பழுப்பாகும், வாசமும் போய்விடும். இளஞ்சூட்டில் ஒரு கடி சக்கரையோடு குடியுங்கள். விலை பேசவும் வேண்டாம். சேவல் கூவ முன்னம் எழும்பி இலை ஆய்ந்தவரிடம் பத்து ரூபாய் குறைக்கக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாவற்றையும்விடக் கூடுதலாகப் பிழை விடுவது தயிரில்தான். வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையின் தயிர், கிழக்கேயுள்ள எழுவான்கரைக்கு வாவியைக் கடந்துதான் வரவேண்டும். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அந்தத் துறையில் இயந்திரப் பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்து நின்றுதான் சனமும் சாமானும் கரை சேர்ந்தன. இப்போது முந்தின நாள் பின்னேரம் உறை ஊற்றிய சட்டி விடியவே சந்தைக்கு வந்துவிடுகிறது. வாங்குகிறவர் சட்டியின் வெளிப்பக்கம் ஈரமாயிருப்பதைப் பார்த்து, வெடித்த சட்டி என்று ஒதுக்கிவிட்டுக் காய்ந்ததைத் தூக்குவார். சுட்ட மண் தயிரின் தண்ணீரைக் குடித்து வெளியே கசியவிடும். தயிர் இன்னும் கட்டியாவது அதனால்தான். கையில் பிசுபிசுப்பில்லாத அந்த மெல்லிய ஈரத்துக்குப் பயப்பட வேண்டாம். கடைக்காரரிடமே சட்டியை மெல்லச் சரித்துக் காட்டச் சொல்லுங்கள். தயிர் அசையாமல் நிற்க வேண்டும், ஓரத்தில் தண்ணீர் திரளக்கூடாது. நிறத்தையும் பாருங்கள். எருமைத் தயிர் வெள்ளை வெளேரென்று இருக்கும், பசுத் தயிரில் இலேசான மஞ்சள் ஓடும். எருமைப் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 7 வீதம், பசுப்பாலில் 4 வீதமளவு. இரண்டும் நல்லதுதான், ஆனால் எருமைத் தயிரின் விலைக்குப் பசுத் தயிரை வாங்கிப் போகாதீர்கள்.

வாங்கிய பிறகும் கவனம் வேண்டும். நான் ஒருமுறை சட்டியை மோட்டார் சைக்கிளின் முன்கொழுக்கியில் மாட்டிக்கொண்டு கல்லடிவரை ஓடினேன். வீட்டில் கடதாசியை அவிழ்த்தபோது மேலே பச்சைத் தண்ணீர், கீழே உடைந்த கட்டிகள். எத்தனை மாட்டின் பால், எத்தனை பேரின் உழைப்பு என்று அன்று முழுக்க மனம் கேட்கவில்லை. அன்றிலிருந்து சட்டியைத் துணியால் சுற்றிப் பின்னால் இருப்பவர் மடியில்தான் கொடுக்கிறேன். தனியே போனால் பஸ்.

வீட்டுக்குப் போனதும் தயிரைப் பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றவோ கலக்கவோ வேண்டாம். சட்டியிலேயே விட்டு, அகன்ற கரண்டியால் மேலிருந்து தகடு தகடாக எடுத்து, கித்துள் பாணியைத் தட்டில் விடுங்கள். வெறும் சட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் மண் அந்த வாசத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சுடுதண்ணீர் விட்டுத் தேங்காய்ப் பொச்சால் தேய்த்து வெயிலில் காயவைத்தால் போதும், அடுத்த முறை வீட்டிலேயே உறை ஊற்றலாம்.