வாரண்டி முடிந்த காரில் எலக்ட்ரானிக் போர்டு போனால்: பணம் கட்டும் முன் நாம் செய்துவிடுகிற தவறுகள்

என் மச்சானுக்கு ஊர் கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை. ஒருநாள் காலையில் வேலந்தாவளம் செக்போஸ்ட் தாண்டி கோயம்புத்தூர் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது டேஷ்போர்டில் ஸ்டீயரிங் விளக்கு எரிந்தது, அடுத்த வளைவில் ஸ்டீயரிங் அப்படியே இறுகிவிட்டது. நல்ல வேளை, வேகம் குறைவு. டோ வண்டி வைத்து கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், அட்வைசர் ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, "எலக்ட்ரிக் ஸ்டீயரிங் யூனிட் போயிருச்சு சார், மொத்தமா மாத்தணும், 48,000 ஆகும், வாரண்டி முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு" என்றார். மச்சான் எனக்கு போன் போட்டு, "மாமா, வாரண்டி முடிஞ்சிருச்சாம், கட்டிரட்டுமா?" என்று கேட்டான்.

கட்டாதே, முதலில் வீட்டில் இருக்கிற பழைய ஜாப் கார்டுகளை, அதாவது சர்வீஸுக்கு விடும்போது எழுதித் தருகிற தாள்களை எல்லாம் எடுக்கச் சொல் என்றேன். பீரோவில் இருந்த கவரில் இருந்து ஒரு தாள் கிடைத்தது. வாரண்டி முடிவதற்கு ஐந்து மாதம் முன்பு சர்வீஸுக்கு விட்டபோது எழுதியது. வாடிக்கையாளர் புகார் என்ற கட்டத்தில் "ஸ்டீயரிங் விளக்கு எப்போதாவது எரிகிறது" என்று இருந்தது, அதற்குக் கீழே பேனாவால் "செக் செய்தது, ஓகே". அந்த ஒரு வரிதான் அவனைக் காப்பாற்றியது. கோளாறு வாரண்டிக்குள்ளேயே தலைகாட்டியிருக்கிறது, சொல்லியும் சரிசெய்யவில்லை என்பதற்கு அவர்கள் கைப்பட எழுதிய சாட்சி அது. 19 நாள் மெயில் மேல் மெயில் போனது. கடைசியில் யூனிட்டுக்கான பணத்தைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது, கூலியும் வரியும் சேர்த்து இவன் கட்டியது 9,500 ரூபாய்.

அதனால் முதல் தவறு, புகாரை வாயால் மட்டும் சொல்வது. விளக்கு ஒருமுறை எரிந்து அணைந்தாலும், ஸ்கிரீன் ஒருமுறை கறுத்தாலும், ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். "அதெல்லாம் சாஃப்ட்வேர் சார், அப்டேட்ல சரியாயிரும்" என்பார்கள். சரி, அதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கோளாறு பெரும்பாலும் ஒரே நாளில் வருவதில்லை, மாதக்கணக்கில் வந்து வந்து போய்த்தான் ஒருநாள் நிரந்தரமாகப் படுத்துக்கொள்ளும். அந்த வந்துபோகிற காலம் வாரண்டிக்குள் இருந்ததா என்பதில்தான் பாதி வழக்கு இருக்கிறது.

அடுத்தது, வாரண்டி முடிந்தால் உரிமையும் முடிந்தது என்று நாமே முடிவு செய்துகொள்வது. வாரண்டி என்பது கம்பெனி தானாகக் கொடுக்கிற வாக்கு. சட்டம் தனி. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் 'குறைபாடு' என்றால் என்ன என்று சொல்லுமிடத்தில், சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரத்தில், அல்லது விற்பவர் சொன்ன தரத்தில் குறைவது என்றுதான் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, வாரண்டிக் காலத்துக்குள் என்ற வார்த்தையும் அங்கே இல்லை. ஆனால் இதைக் கேட்டுவிட்டு எல்லாம் இலவசமாகக் கிடைக்கும் என்று நினைப்பதும் அதே அளவு தவறு. வாரண்டி இருக்கும்போது 'பழுதாகிவிட்டது' என்றால் போதும். முடிந்த பிறகு, இது தேய்மானம் இல்லை, தயாரிப்பிலேயே இருந்த குறை என்று காட்டும் பொறுப்பு நம் தலையில் வருகிறது. எட்டு வருடம் ஓடிய காரில் ஒரு சென்சார் போனால் அதற்குச் சண்டை போட வேண்டாம், மாற்றிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். மூன்றரை வருடத்தில், 35,000 கிலோமீட்டரில், பிரேக்கைக் கட்டுப்படுத்துகிற ஏபிஎஸ் மாட்யூலோ, எஞ்சினைக் கட்டுப்படுத்துகிற கம்ப்யூட்டரான ஈசிஎம்மோ செத்துப்போனால் அது வேறு கதை.

அந்தப் பொறுப்பை நிறைவேற்றத் தேவையானதை எல்லாம் முதல் இரண்டு நாளிலேயே நாம் கைவிட்டுவிடுகிறோம், இதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கழற்றிய பழைய போர்டை சர்வீஸ் சென்டரிலேயே விட்டுவிட்டு வருகிறோம். அது போனால் சாட்சி போயிற்று. வேலைக்குச் சம்மதம் சொல்வதற்கு முன்பே "பழைய பார்ட் எனக்கு வேண்டும்" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். பழையதைத் திருப்பிக் கொடுத்தால்தான் புதிய யூனிட் அந்த விலைக்குக் கிடைக்கும் என்றால், சீரியல் நம்பர் தெரிகிற மாதிரி போட்டோவாவது எடுத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை இல்லாமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப, இந்த வழக்குகளை விசாரிக்கிற நுகர்வோர் கமிஷனுக்கு அதிகாரம் இருக்கிறது, சட்டத்தின் 38வது பிரிவு. அதற்கான கட்டணத்தை நாம் கட்ட வேண்டும். ஆனால் அனுப்புவதற்குப் பொருள் இருக்க வேண்டுமே.

இன்னொன்று, வெளிக்கடையில் போர்டைத் திறந்து பார்ப்பது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது கைவந்த வழி, கோயம்புத்தூரில் ஈசிஎம்மைச் சால்டர் வைத்துச் சரிசெய்து தருகிற கைகாரர்கள் இருக்கிறார்கள், ஐந்தில் ஒரு பங்கு செலவில் வேலை முடிந்துவிடும். செலவு மிச்சம்தான் முக்கியம் என்றால் தாராளமாகப் போங்கள், தவறே இல்லை. ஆனால் ஒரு முறை சீல் உடைத்த போர்டை வைத்துக்கொண்டு கம்பெனியிடம் தயாரிப்புக் குறை என்று நிற்க முடியாது. இரண்டில் ஒன்றை முதலிலேயே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

எரர் கோடிலும், அதாவது ஸ்கேனர் காட்டுகிற கோளாறு எண்ணிலும், ஏமாந்துவிடுகிறோம். ஸ்கேனரில் வருகிற கோடு நோய்க்கான அறிகுறி, நோயின் பெயர் அல்ல. யூ0100 என்று வந்தால் ஈசிஎம் மற்ற மாட்யூல்களோடு பேசவில்லை என்று அர்த்தம். அதற்குக் காரணம் போர்டாகவும் இருக்கலாம், ஒரு ஃபியூஸாகவும் இருக்கலாம், எர்த் வயரில் பிடித்த துருவாகவும் இருக்கலாம். பி0562 என்றால் வோல்டேஜ் குறைவு. சாகப்போகிற பேட்டரி ஒன்று போதும், பத்து மாட்யூலிலும் கோடு விழும். எஞ்சின் அணைத்து நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட் பக்கம் காட்ட வேண்டும், ஓடும்போது சுமார் 14. இதைக்கூடப் பார்க்காமல் போர்டை மாற்றச் சொன்னால், என்னென்ன டெஸ்ட் செய்தீர்கள் என்று கேளுங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்து வாங்குங்கள், குறைந்தது திரையைப் போட்டோ எடுங்கள், அதற்குப் பிறகு கோடை அழிக்கட்டும். அழித்துவிட்டால் கோளாறு வந்த நேரத்தில் வண்டி என்ன நிலையில் இருந்தது என்ற பதிவும் சேர்ந்து போய்விடும்.

பாலக்காட்டு ஆட்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டியது மழை. ஜூன், ஜூலையில் மரத்தடியில் நிறுத்துகிற வண்டிகளில், முன் கண்ணாடிக்குக் கீழே இருக்கிற தண்ணீர் வடியும் ஓட்டைகளை இலையும் சருகும் அடைத்துவிடும், தண்ணீர் தேங்கி உள்ளே இறங்கி வயரிங் கனெக்டரில் பச்சைக் களிம்பு பூத்துவிடும். சர்வீஸ் சென்டரில் "தண்ணீர் புகுந்தது, வாடிக்கையாளரின் கவனக்குறைவு" என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிடுவார்கள். தண்ணீர் எந்த வழியாக வந்தது என்று காட்டச் சொல்லுங்கள். சருகு அடைத்திருந்தால் நம் பொறுப்பு. வயர் நுழைகிற இடத்து ரப்பரோ கதவுச் சீலோ சரியாக உட்காராமல் வந்திருந்தால் அது அவர்கள் பொறுப்பு. அதே மாதிரி வெளிக்கடையில் போட்ட கேமரா, ஃபாக் லேம்ப், மியூசிக் சிஸ்டம். ஒரிஜினல் வயரை வெட்டி டேப் சுற்றியிருந்தால் கம்பெனி முதலில் காட்டுவது அதைத்தான்.

பணம் கட்டும் முன் இன்னும் ஒரு வேலை உண்டு, பலர் செய்வதே இல்லை. உங்கள் வண்டியின் சேஸிஸ் நம்பரைப் போட்டு, ரீகால், அதாவது குறையுள்ள வண்டிகளைக் கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்யும் அறிவிப்பு, எதுவும் இருக்கிறதா என்று கம்பெனி இணையதளத்தில் பாருங்கள். ரீகாலில் வந்த கோளாறு என்றால் வாரண்டி இருக்கிறதா இல்லையா என்ற கேள்வியே கிடையாது, இலவசமாகச் சரிசெய்ய வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல், பாதுகாப்பு சம்பந்தமான குறைக்குப் போதிய புகார்கள் வந்தால், ஏழு வருடத்துக்கு உட்பட்ட வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்ல அரசுக்கு வழி இருக்கிறது, புகார் பதிவு செய்ய அரசின் வண்டிப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் இடமும் இருக்கிறது. ஸ்டீயரிங், பிரேக், ஏர்பேக் சம்பந்தப்பட்டது என்றால் உங்கள் புகாரையும் அங்கே போடுங்கள், உங்களுக்கு உடனே பலன் இல்லாவிட்டாலும் அடுத்த வண்டிக்காரருக்கு உதவும்.

கம்பெனிக்கு எழுதும்போது ஷோரூமுக்கு மட்டும் எழுதிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஷோரூம் வேறு, தயாரிக்கிற கம்பெனி வேறு. ஷோரூம்காரர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனி ஷோரூமைக் கைகாட்டும். மெயிலும் புகாரும் இரண்டு பேர் மேலும் போக வேண்டும். வாரண்டி முடிந்து சில மாதங்களே ஆகியிருந்து, சர்வீஸும் ஒழுங்காகச் செய்திருந்தால், 'குட்வில்' என்று சொல்லி பார்ட் விலையில் ஒரு பங்கையோ முழுவதையுமோ கம்பெனி ஏற்பதுண்டு. அது உரிமை அல்ல, கேட்டால் கிடைக்கக்கூடியது. கேட்காதவர்களுக்கு யாரும் கூப்பிட்டுக் கொடுப்பதில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அதற்குப் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், செலவில்லாத வழி.

அதிலும் நடக்கவில்லை என்றால் கமிஷன். இங்கே எல்லைப்பக்கத்து ஆட்கள் செய்கிற தவறு ஒன்று இருக்கிறது. வண்டி வாங்கியது ஒரு மாநிலம், ரிப்பேர் செய்தது இன்னொரு மாநிலம், அதனால் எந்த ஊருக்கு அலைய வேண்டுமோ என்று பயந்தே விட்டுவிடுகிறார்கள். பழைய 1986 சட்டத்தில் அந்தச் சிக்கல் உண்மையிலேயே இருந்தது. இப்போதைய சட்டத்தின் 34வது பிரிவில், புகார் செய்பவர் வசிக்கிற அல்லது வேலை பார்க்கிற மாவட்டத்திலேயே போடலாம். கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டர் மேல் என் மச்சான் பாலக்காட்டில் வழக்குப் போட்டிருக்கலாம். நாகர்கோவில்காரர் திருவனந்தபுரத்து ஷோரூம் மேல் நாகர்கோவிலிலேயே போடலாம். நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டில் இருந்தே தாக்கல் செய்யலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்டக் கமிஷன்தான். 5 லட்சம் வரை கட்டணமே கிடையாது, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய்.

வழக்குப் போடக் கெடு இரண்டு வருடம். மெயில் போய்க்கொண்டிருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள், கடிதப் போக்குவரத்து கெடுவைத் தள்ளிப்போடாது. வாடகைக்கு ஓட்டுகிற வண்டி என்றால் 'வணிக நோக்கம்' என்று சொல்லித் தள்ளப் பார்ப்பார்கள், ஆனால் பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டுகிறவர் நுகர்வோர்தான் என்று சட்டமே சொல்கிறது, அதைப் புகாரிலேயே எழுதிவிடுங்கள்.

கேட்பதிலும் அளவு வேண்டும். ஒரு ஸ்கிரீன் போனதற்குப் புது கார் கேட்டால் இருக்கிற வழக்கும் பலவீனமாகிவிடும். மாற்றக்கூடிய பார்ட்டுக்காக வண்டியையே மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2006லேயே சொல்லியிருக்கிறது. கட்டிய பில், டோ செலவு, வண்டி நின்ற நாட்களுக்கு ஆன வாடகை, நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு, இவ்வளவும் ரசீதோடு கேளுங்கள். 'தயாரிப்புப் பொறுப்பு' என்று புதிய சட்டத்தில் வந்த பகுதியைச் சிலர் இதற்குப் பிடித்துக்கொள்கிறார்கள். அது அந்தப் பொருளால் மனிதருக்கோ வேறு உடைமைக்கோ ஏற்பட்ட பாதிப்புக்கு. பொருளே கெட்டுப்போனதற்கு அது பொருந்தாது, குறைபாடு, சேவைக் குறைபாடு என்றுதான் போட வேண்டும்.

ஆனால் ஆளுக்கு அடிபட்டிருந்தால் நிலைமை முற்றிலும் வேறு. மோதலில் ஏர்பேக் விரியாத ஒரு வழக்கில், 2022 ஏப்ரலில், உச்ச நீதிமன்றம் வாங்கியவர் பக்கம் நின்றது. வண்டி 2015ல் வாங்கியது, விபத்து 2017ல். வாங்குகிறவர் இயற்பியல் நிபுணராக இருந்து எந்த வேகத்தில், எந்த விசையில் ஏர்பேக் விரியும் என்று கணக்குப் போட வேண்டிய அவசியமில்லை, கெடுவும் குறை தெரியவந்த நாளில் இருந்துதான் என்றது. அப்படிப்பட்ட வண்டியை இன்சூரன்ஸ் சர்வேயர் பார்த்துப் போட்டோ எடுக்கும் வரை நகர்த்தாதீர்கள், ஏர்பேக் போர்டைக் கழற்ற விடாதீர்கள்.

எங்கள் மச்சான் வண்டி இப்போது ஓடுகிறது. புது ஸ்டீயரிங் யூனிட்டுக்கு எவ்வளவு காலம் வாரண்டி என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டான், அந்தப் பில்லும் பழைய ஜாப் கார்டும் பீரோவில் அதே கவரில் இருக்கிறது.